கியர் மாத்த வெட்கப்படாத மனுஷன்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கீங்களா மக்களே? பழைய ட்ரங்க் ரோட்டுல காலையிலேயே ஆரம்பிச்சிடும். புறா, மீன் தொட்டி, பழைய மதர்போர்டு, காலில்லாத நாற்காலி, யாரோ வீட்டுக் கல்யாணப் பாத்திரம், எல்லாம் ஒரே வரிசையில கிடக்கும். போன செமஸ்டர் லீவுல அங்கேதான் ஒரு செகண்ட் ஹேண்ட் கியர் சைக்கிள் வாங்கினேன். பேரம் பேசினதுல பாதி விலைக்கு வந்தது. தள்ளிட்டு வரும்போதுதான் பாதி விலையோட காரணம் தெரிஞ்சது. பின்சக்கரத்துக்கிட்ட தொங்குற அந்தக் குட்டி இரும்பு, அதான் டெரெய்லர், துரு ஏறி அசையவே இல்லை.

நம்ம ஏரியா சைக்கிள் கடை அண்ணன் பார்த்துட்டு, இதைக் கழட்டிப் போட்டுட்டு ஒரே ஃப்ரீவீல் மாட்டிடலாம், ரிப்பேரே வராதுன்னார். ஹாஸ்டல்ல பசங்க இன்னும் ஒரு படி மேல. கியர் வச்சு ஓட்டுறதெல்லாம் ஓட்டுறதா, எங்க தாத்தா ஒத்தை கியர்ல பின்னாடி பாட்டியையும் முன்னாடி நெல் மூட்டையையும் வச்சு பத்து மைல் மிதிச்சவர்னு ஆரம்பிச்சாங்க. கியர்னா பலவீனம், கியர் இல்லாம மிதிச்சாத்தான் வீரம்னு ஒரு கட்சி.

இந்தச் சண்டை பிரான்சில நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்குன்னு தெரிஞ்சது அப்புறம்தான். அதுல கியர் கட்சிக்குத் தலைவரா நின்னவர் பால் டி விவி. அந்தப் பேர்ல அவரைத் தெரிஞ்சவங்க கம்மி. வெலோசியோங்கிற புனைபெயர்ல தான் சைக்கிள் உலகம் அவரைக் கொண்டாடுது. பிரெஞ்சு சைக்கிள் சுற்றுலாவோட தந்தைன்னு அவரைத்தான் சொல்றாங்க.

1853 ஏப்ரல் 29, தெற்கு பிரான்ஸ், பெர்ன்னு ஒரு சின்ன ஊர். ப்ரொவான்ஸ் பகுதி. ஊர்ல திரும்புற இடமெல்லாம் கல்லால கட்டின நீரூற்று. ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம். அண்ணாந்து பார்த்தா 1,900 மீட்டருக்கு மேல உயரமான வான்டூ மலை. இன்னைக்கு டூர் டி பிரான்ஸ் பார்க்கிறவங்களுக்கு அந்த மொட்டை மலையைத் தெரியாம இருக்காது.

அவருக்குப் பத்து வயசு இருக்கும்போது, 1863ல, அவினியோனுக்கு எதிர்க்கரைப் பக்கத்துத் தோட்டங்கள்ல திராட்சைக் கொடிகள் காரணமே இல்லாம காய ஆரம்பிச்சது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரான்னு ஒரு பூச்சி வேரை உறிஞ்சிக்கிட்டிருந்தது. அடுத்த முப்பது வருஷத்துல பிரான்சோட திராட்சைத் தோட்டங்கள்ல பெரும்பகுதி நாசம். கடைசியில பூச்சி அனுப்பின அமெரிக்காவிலிருந்தே வேர்க்கட்டையும் வாங்கி, அதுமேல பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி மீட்டாங்க. பிற்காலத்துல வெலோசியோ சைக்கிள்ல கடந்துபோன பச்சை வரிசைகள்ல நிறைய இப்படி ஒட்டுக்கட்டின கொடிகள்தான்.

(சும்மா ஒரு தகவல்: அதே 1863 மே 30ல தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் நம்ம பல்லாவரத்துல, ராணுவ மைதானத்துக்கிட்ட சரளைக் குழியில ஒரு கல் கோடரியை எடுத்தார். இந்தியாவில பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுக்கு முதல் சாட்சி அதுதான். சரளைக்கும் நம்ம ஊருக்கும் உள்ள உறவு கொஞ்சம் பழசு.)

டி விவிக்குப் பள்ளியில பிடிச்சது லத்தீன், கிரேக்க இலக்கியம். ஆனா சோறு போட்டது பட்டு வியாபாரம். முப்பது வயசுக்குள்ளேயே சொந்தமா பட்டுக் கம்பெனி நடத்தினார். கல்யாணம், மூணு பிள்ளைகள், கௌரவமான வாழ்க்கை. இதுவரைக்கும் கதையில சைக்கிள் கிடையாது.

1881ல, 28 வயசுல ஒரு சைக்கிள் வாங்கினார். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தட்டு அளவு இருக்கும் பார்த்திருப்பீங்க, அந்த மாடல். மெக்கானிக்கல் பசங்களுக்கு அது ஏன் அப்படி இருந்ததுன்னு ஒரு நிமிஷம். அதுல செயின் கிடையாது. பெடல் நேரா முன்சக்கர அச்சுலேயே இருக்கும். ஒரு மிதி சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. அப்போ வேகம் வேணும்னா ஒரே வழி, சக்கரத்தைப் பெருசாக்கு. கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய சக்கரம். மனுஷனோட தொடை எலும்பு தான் கியர் ரேஷியோவைத் தீர்மானிச்சது! ரோட்டுல ஒரு கல் தட்டினா தலைகுப்புற விழணும்.

அந்த ரோடும் தார் ரோடு இல்லை. நம்ம பெரியவங்க கப்பி ரோடுன்னு சொல்வாங்களே, அது. உடைச்ச கல்லைப் பரப்பி, மேல பொடிக்கல்லும் மண்ணும் கொட்டி, தண்ணி விட்டு உருளையால அழுத்தின சாலை. அதுமேல காத்து அடைக்காத கெட்டி ரப்பர் டயர். உட்கார்ற இடம் என்ன பாடு பட்டிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஒரு நண்பர் அவர்கிட்ட பந்தயம் கட்டினார். இந்த வண்டியில 100 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துல போக முடியுமான்னு. டி விவி லா ஷேஸ்-ட்யூங்கிற மலையூருக்குக் கிளம்பினார். பந்தயத்துல ஜெயிச்சார். ஆனா அவரை மாத்தினது ஜெயிச்சது இல்லை. கடையிலும் கணக்குப் புத்தகத்திலும் உட்கார்ந்திருந்த ஆளுக்கு, காட்டு வாசனையும் மலைச்சரிவும் தன் சொந்தக் காலால எட்டுற தூரத்துல தான் இருக்குன்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ட்ரைசைக்கிள், இன்னொரு மாடல், அதுக்கடுத்து இன்னொண்ணுன்னு வாங்க ஆரம்பிச்சார்.

அந்தக் காலத்துல சைக்கிள்னா இங்கிலாந்து, இங்கிலாந்துன்னா காவன்ட்ரி. பட்டு வியாபாரத்துக்கு இங்கிலாந்து போறப்போ புது மாடல்களைப் பார்த்துட்டு வருவார். 1887ல, 34 வயசுல, ஓடிக்கிட்டிருந்த பட்டு வியாபாரத்தை வித்துட்டு, சாந்த் எத்தியேன் நகரத்துல சைக்கிள் இறக்குமதிக் கடை போட்டார். அதே வருஷம் ஒரு பத்திரிகையும் ஆரம்பிச்சார். பேரு முதல்ல லெ சிக்லிஸ்த் ஃபொரேசியன், அப்புறம் சுருக்கமா லெ சிக்லிஸ்த். மூணு குழந்தைங்களை வச்சுக்கிட்டு செட்டில் ஆன தொழிலை வித்து சைக்கிள் கடை போடறேன்னா, நம்ம வீட்ல என்ன நடக்கும்னு சொல்லணுமா?

சாந்த் எத்தியேன் நிலக்கரி ஊர், துப்பாக்கித் தொழிற்சாலை ஊர், ரிப்பன் நெசவு ஊர். இரும்பை நுணுக்கமா வேலை பார்க்கத் தெரிஞ்ச கைகள் அங்க நிறைய. 1886ல பிரான்சோட முதல் நவீன சைக்கிளை அங்க கோத்தியே சகோதரர்கள் செஞ்சாங்க. அதுக்கப்புறம் அந்த ஊர் பிரான்சோட சைக்கிள் தலைநகர் ஆயிடுச்சு. நமக்குப் புரியற மாதிரி சொன்னா, 1949க்கு அப்புறம் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்த அம்பத்தூர் மாதிரி. ஆனா அம்பத்தூர் சமதளம். சாந்த் எத்தியேனைச் சுத்தி மலை. எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் மேடு. கியருக்கான வேட்டை இந்த ஊர்ல ஏன் தீவிரமாச்சுன்னு இதுலேயே தெரியுது.

1889ல அவரே ஒரு சைக்கிளைத் தயாரிச்சார். பேரு லா கோல்வாஸ். வைர வடிவ ஃபிரேம், செயின், ஒரே ஒரு கியர். பார்க்க நம்ம தாத்தா சைக்கிள் மாதிரிதான்.

ஊருக்குத் தெற்கே ஒரு கணவாய் இருக்கு. குடியரசுக் கணவாய்னு அர்த்தம் வர்ற பேரு, 1,161 மீட்டர். ஊர்ல இருந்து ஏறக்குறைய 600 மீட்டர் ஏத்தம். நம்ம பரங்கிமலை சுமார் 300 அடி, அதை நிறுத்தாம ஆறு தடவைக்கு மேல ஏறின கணக்கு. ஒரு நாள் அதுல டி விவி தம் கட்டி மிதிச்சுப் போய்க்கிட்டிருக்கார். பின்னாடியிருந்து ஒருத்தர் நிதானமா வந்து அவரைத் தாண்டிப் போறார். வாயில புகையிலைக் குழாய் வேற. போறவர் அவரோட பத்திரிகை வாசகர்னு கதையில சொல்வாங்க. டி விவி வண்டியைவிட அந்த வண்டியில கியர் குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

இங்கதான் மத்தவங்களுக்கும் இவருக்கும் வித்தியாசம். மத்தவங்களா இருந்தா அடுத்த வாரம் இன்னும் பலமா மிதிச்சிருப்பாங்க. இவர் கணக்குப் போட்டார்.

கணக்கை நம்ம சைக்கிள்லயே போட்டுப் பார்க்கலாம். முன்னால 44 பல், பின்னால 18 பல்லுன்னு வச்சுக்கோங்க. ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 2.44 தடவை சுத்தும். சக்கரச் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர்னா ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் போவீங்க. ஜி.எஸ்.டி. ரோட்டுல இது அம்சம். ஆனா ஏத்தத்துல, ஒரே மிதியில உங்க எடையையும் வண்டி எடையையும் 5.4 மீட்டர் தூரத்துக்கு மேல தூக்கிட்டுப் போகணும். முட்டி கத்தும். இதையே முன்னால 24, பின்னால 32 ஆக்கினா ஒரு மிதிக்கு 1.65 மீட்டர்தான். மேல போய்ச் சேரச் செய்யற வேலை அதே எம்.ஜி.ஹெச். தான், ஒரு ஜூல்கூடக் குறையாது. ஆனா ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை மூணுல ஒரு பங்குக்கும் கீழ வந்துடும். முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி இது.

சரி, சின்ன கியர் போட்டுட்டா ஏத்தம் சுலபம். ஆனா சமதளத்துல கால் காத்தாடி மாதிரி சுத்தும், வண்டி நகராது. ஒரே கியர்ல ரெண்டுக்கும் தீர்வே இல்லை. அப்போ ரெண்டு கியர் வேணும். டி விவி முன்னால ரெண்டு செயின் வீல் போட்டார். மேடு வந்தா இறங்கி, கையால செயினைத் தூக்கி சின்னதுல மாட்டுவார். இறக்கம் வந்தா மறுபடி பெருசு. கை முழுக்க மசி. அப்புறம் அதை நாலு கியர் ஆக்கினார். வர்ற எல்லா டிசைனையும், இங்கிலாந்தோ பிரான்சோ யார் செஞ்சதோ, வாங்கி மலையில ஏத்திப் பார்த்தார். எது நல்லா இருக்கு, எது பாதி வழியில உடைஞ்சதுன்னு ஒளிக்காம பத்திரிகையில எழுதினார். செயினை ஓட்டத்துலயே ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொண்ணுக்குத் தள்ளிவிடுற அமைப்பு, அதாவது டெரெய்லர், அந்த ஊர்ப் பட்டறைகள்லதான் உருவம் எடுத்தது. ஜோனி பனெல் செஞ்ச லெ ஷெமினோ, அதுக்கப்புறம் ஆல்பர் ரேமோன் செஞ்ச சிக்லோ, ரெண்டும் சாந்த் எத்தியேன் சரக்குதான். டெரெய்லரை டி விவி ஒருத்தரே கண்டுபிடிச்சார்னு எழுதறவங்க உண்டு, அது கொஞ்சம் மிகை. அவர் செஞ்சது ஒரு விதத்துல அதைவிடப் பெரிய வேலை. இது தேவைன்னு நாப்பது வருஷம் விடாம வாதாடினார்.

வாதாட எதிராளியும் லேசான ஆள் இல்லை. ஆன்ரி டெக்ராஞ்ச். 1903ல டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்சவர், ல'ஓட்டோ பத்திரிகை ஆசிரியர். 1902ல பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகம் மலைப்பாதையில சுமார் 240 கிலோமீட்டருக்கு ஒரு போட்டி நடத்துச்சு. எந்த சைக்கிள் பயணத்துக்குச் சிறந்ததுன்னு பார்க்கத்தான். அதுல எதுவார் ஃபிஷர்னு பேர்பெற்ற பந்தய வீரர் ஒத்தை கியர்ல ஓட்டினார். மார்த் ஹெஸ்ங்கிற பெண், மூணு கியர் வச்ச கோல்வாஸ்ல ஓட்டினார். முழுப் பாதையிலும் ஒரு இடத்துலகூட அவர் காலை ஊன்றலை. இதைவிடத் தெளிவா ஒரு டெஸ்ட் ரிசல்ட் வேணுமா?

டெக்ராஞ்ச் ஒத்துக்கலை. கியர் மாத்துறது நாப்பத்தஞ்சு வயசு தாண்டினவங்களுக்கு, இளைஞனுக்குத் தசைதான் பெருமை, இப்படியே போனா நாம இளகிப்போயிடுவோம்ங்கிற தோரணையில எழுதினார். எங்க ஹாஸ்டல் பசங்க பேச்சுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலை எனக்கு. டூர் டி பிரான்ஸ்ல வீரர்கள் மலையடிவாரத்துல இறங்கி, பின்சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டிட்டு ஏறுவாங்க. ஒரு பக்கம் சின்ன பல்சக்கரம், இன்னொரு பக்கம் பெருசு. அதுவரைக்கும் அனுமதி. டெரெய்லர் கூடாது.

இந்தப் பந்தயக் கூட்டத்து மேல டி விவிக்குப் பெரிய மரியாதை எதுவும் இருந்த மாதிரி தெரியலை. அதுக்கு ஊர்லயே காரணம் இருந்தது. 1904 டூர்ல அதே குடியரசுக் கணவாயில ராத்திரி நேரத்துல உள்ளூர் ரசிகர் கூட்டம், தங்க ஊர் வீரர் ஃபோர் முன்னாடி போகட்டும்னு மத்த வீரர்களை மறிச்சு அடிச்சாங்க. கிரிக்கெட்டுக்கு நம்ம ஊர்ல போடற சண்டையெல்லாம் ஒண்ணுமே இல்லை.

டி விவியோட சைக்கிள் வேற மாதிரி. ஈஸ்டர் லீவு வந்தா நண்பர்களைக் கூட்டிக்கிட்டு தெற்கே, பிறந்த மண்ணைப் பார்க்கக் கிளம்பிடுவார். இருட்டுல கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினா அனோனே வரும். 1783ல மோன்கோல்ஃபியே சகோதரர்கள் சூடான காத்துல பலூன் விட்ட ஊர். அங்கிருந்து ரோன் நதிப் பள்ளத்தாக்கு. விடியும்போது ரெண்டு பக்கமும் திராட்சைச் சரிவு. தேன்னுங்கிற ஊருக்கு மேல எர்மிதாஜ் குன்று, இன்னும் தெற்கே போனா போப்பாண்டவரோட புதுக்கோட்டைன்னு அர்த்தம் வர்ற ஷாத்தோநெஃப். உலகத்துல திராட்சை மதுவுக்குப் பேர்போன இடங்கள் வரிசையா இருக்கற பாதை. வெயில் ஏறுற நேரத்துல ஆலிவ் மரம், சைப்ரஸ் மரம். குளிர்ல கிளம்பி ஒரே நாள்ல வசந்தத்துக்குள்ள இறங்கறதுதான் அந்தப் பயணத்தோட ருசி.

இதுல வேடிக்கை, அவ்வளவு மதுத் தோட்டத்துக்கு நடுவுல போற அந்த ஆளு பயணத்துல மது தொடமாட்டார். இறைச்சியும் கிடையாது, சைவம். புகையிலையும் கூடாதுன்னுவார். சைக்கிள்ல ஊர் சுத்தறவங்களுக்கு அவர் போட்ட ஏழு விதிகள்ல இதுவும் ஒண்ணு. மத்ததெல்லாம் நம்ம பாட்டிகள் சொல்ற மாதிரியே இருக்கும். பசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி குடி, ரொம்ப நேரம் உட்கார்ந்து ஓய்வெடுக்காதே, சாப்பாடும் தூக்கமும் பிடிக்காத அளவுக்குக் களைச்சுப் போகாதேங்கிற ரகம். கடைசி விதி மட்டும் முகத்துல அறையற மாதிரி: அடுத்தவங்க பார்க்கணும்னு மிதிக்காதே. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கற நமக்கு அது கொஞ்சம் வலிக்கும்.

அந்தப் பாதைகள் அப்போ எப்படி இருந்ததுன்னு யோசிச்சா பொறாமையா இருக்கு. எல்லாம் சரளை. சுண்ணாம்புக் கல்லு, அதனால ரோடே வெள்ளையா இருக்கும். எதிர்ல வந்தா ஒரு மாட்டு வண்டி, ஒரு குதிரை வண்டி. சத்தம்னா சக்கரத்துக்கு அடியில கல்லு நெரிபடற சத்தம்தான். ராத்திரி முழுக்க மிதிச்சாலும் பயமில்லை. கார் வந்ததும்தான் புழுதி பிரச்சினை ஆச்சு. அதுவரைக்கும் படிஞ்சு கிடந்த புழுதியை வேகமா ஓடற டயர் உறிஞ்சிக் கிளப்பி ஊர் மேல கொட்டிச்சு. 1902ல மொனாக்கோவுல ரோட்டு மேல தார் பூசிப் பார்த்தாங்க, புழுதி அடங்குச்சு. அப்படிப் பரவினதுதான் தார் ரோடு. தார் வந்ததும் கார் இன்னும் வேகமாச்சு. சைக்கிள்காரன் ஓரத்துக்குப் போனான்.

டி விவி இந்த மாற்றம் முழுசையும் கண்ணால பார்த்தார். ஆள் உயரச் சக்கரத்துல ஆரம்பிச்சவர், காத்து டயர், செயின், கியர், கார், லாரின்னு எல்லாத்தையும் தாண்டி எழுபது வயசுக்கு மேலயும் மிதிச்சுக்கிட்டிருந்தார். கடையில காசு கொட்டினதா கதை இல்லை. பத்திரிகைதான் அவர் சொத்து. எஸ்பெரான்டோ மொழியில ஆர்வம் காட்டினார். தினமும் காலையில பழைய லத்தீன், கிரேக்கப் புத்தகம் படிக்கற பழக்கத்தை விடலை. 1922ல இருந்து அவர் பேர்ல ஒரு நாள் கொண்டாட ஆரம்பிச்சாங்க. சிறுவர்ல இருந்து கிழவர் வரைக்கும் குடியரசுக் கணவாய் ஏறுவாங்க. உயிரோட இருக்கும்போதே அப்படி ஒரு மரியாதை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

1930 பிப்ரவரி 27. வயசு 76. அன்னைக்குக் காலையில ரோமானியத் தத்துவ ஞானி செனெகாவோட கடிதங்களைப் படிச்சிட்டுக் கிளம்பினதா சொல்றாங்க. சாந்த் எத்தியேன் தெருவைக் கடக்கும்போது அவர் சைக்கிள் மேல இல்லை. பக்கத்துல தள்ளிக்கிட்டு நடந்துதான் போனார். ஒரு கார் வந்தது. அதுக்கு வழிவிட ஒரு அடி பின்னால வச்சார். பின்னால ட்ராம்.

ராத்திரி இருட்டுல மலை இறங்கினவர், ஐம்பது வருஷம் சரளையில சறுக்காம ஓட்டினவர், சொந்த ஊர்த் தெருவுல, சைக்கிளைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கும்போது போனார். ஏழு விதியையும் ஒழுங்கா கடைபிடிச்ச மனுஷன். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை. எனக்கு இந்த இடத்தைப் படிச்சதும் பல்லாவரம் சிக்னல்ல ரேடியல் ரோட்டுக்குத் திரும்ப முடியாம சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் நின்ன ஒரு சாயந்திரம் ஞாபகம் வந்தது. இடது பக்கம் பஸ், வலது பக்கம் தண்ணி லாரி, நடுவுல நான். ஓட்டினா பயம், இறங்கித் தள்ளினா அதைவிடப் பயம். அந்த ரோடே பெரிய ஏரியை ரெண்டா வெட்டிக்கிட்டுத்தான் போகுது.

டூர் டி பிரான்ஸ்ல டெரெய்லரை அனுமதிச்சது 1937ல. டி விவி போய் ஏழு வருஷம் கழிச்சு. டெக்ராஞ்ச் அப்போ டூர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். இன்னைக்கு டெரெய்லர் இல்லாத ரோட்டுப் பந்தய சைக்கிளைத் தேடினாலும் கிடைக்கறது கஷ்டம்.

அவர் போன ரோன் பாதை இப்போ வேற ஒரு விதமா திரும்பி வந்திருக்கு. ஜெனீவா ஏரியிலிருந்து மத்திய தரைக்கடல் வரைக்கும் வியா ரோனான்னு ஒரு சைக்கிள் பாதை, 800 கிலோமீட்டருக்கு மேல. நிறைய இடத்துல காரே வராது. நதிக்கரை, திராட்சைத் தோட்டம், சில பகுதி சரளை. பர்கண்டி பக்கம் 1997ல கிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவுல, ரயில் ஓடாம கிடந்த பாதையை எடுத்து சைக்கிளுக்கும் நடைக்கும்னு திறந்தாங்க. பிரான்சோட முதல் பசுமைப் பாதை அது, அதுவும் திராட்சைத் தோட்டம் வழியாத்தான். ஒரு காலத்துல எல்லா ரோடும் இப்படித்தான் இருந்தது. இப்போ பட்ஜெட் ஒதுக்கி, திட்டம் போட்டு, பலகை வச்சு உருவாக்க வேண்டியிருக்கு. கிராவல் பைக்னு இன்னைக்கு லட்ச ரூபாய்க்கு விக்கற வண்டியைப் பாருங்க. அகலமான டயர், ரொம்பச் சின்ன கியர், மண் ரோட்டுல நாள் முழுக்க ஓட்டற வசதி. லெ சிக்லிஸ்த் பழைய இதழ்களைப் புரட்டினவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இருக்காது.

சென்னையிலும் ப்ரெவேன்னு 200, 300 கிலோமீட்டர் ஓட்டம் நடக்குது. பந்தயம் கிடையாது, குறிச்ச நேரத்துக்குள்ள முடிச்சா போதும், முதல்ல வந்தவருக்கும் கடைசியா வந்தவருக்கும் ஒரே மரியாதை. அந்த வழியில குழுவா 24 மணி நேரம் ஓட்டற ஒரு வகைக்குப் பிரான்சில வெலோசியோ பேரையே வச்சிருக்காங்க. ஈஸ்டருக்கு நாலா பக்கத்துல இருந்தும் கிளம்பி ப்ரொவான்ஸ்ல போய்ச் சேருவாங்க.

என் சைக்கிள் கதையை முடிக்கலையே. டெரெய்லரைக் கழட்ட வேண்டாம்னு கடை அண்ணன்கிட்ட சொன்னேன். ஒரு ராத்திரி மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, பிரஷ் வச்சுத் தேய்ச்சு, புது கேபிள் மாட்டினார். ஏழு கியர்ல அஞ்சு வேலை செய்யுது, பெரிய பல்சக்கரம் உட்பட. அதுதான் முக்கியம். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு, ஜி.எஸ்.டி. ரோடு முழிக்கறதுக்குள்ள அதைக் கடந்து, திருநீர்மலைப் பக்கம் ஏரிக்கரை மண்பாதைக்குப் போயிடுவேன். மலைக்கோயில் மணி கேட்கும், நீர்க்காக்கா உட்கார்ந்திருக்கும், சக்கரத்துக்கு அடியில சரளை நெரியும். கரை மேல ஏர்ற சின்ன மேட்டுல போன வாரம் ஒரு பெரியவர், கேரியர்ல புல்லுக்கட்டோட, ஒத்தை கியர் வண்டியை இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தார். நான் சின்ன கியர்ல உட்கார்ந்தபடியே ஏறினதைப் பார்த்து நின்னார். இது எப்படி தம்பி ஏறுதுன்னு கேட்டார். இறங்கி, செயின் எப்படித் தாவுதுன்னு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுத்திக் காட்டினேன். ரெண்டு தடவை மாத்திக் காட்டச் சொன்னார். அப்புறம் புல்லுக்கட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு, இதை என் வண்டியில மாட்ட எவ்வளவு ஆகும்னு கேட்டார். கடை அண்ணன் நம்பரைக் கொடுத்துட்டு வந்தேன்.